ஒரு வாய்ப் பால்

அந்த வாரத்துல மட்டும் எங்க வீட்டுல மூணு தடவ பால் பொங்கி அடுப்பு அணைஞ்சுச்சு. நாலாவது தடவ பொங்குனப்ப என் மக ஓடி வந்து கேஸை மூடிட்டு, "உனக்கு என்னதாம்மா ஆச்சு? கல்யாணம் எனக்கா உனக்கா?"ன்னு கேலி பண்ணுனா. சிரிச்சு வச்சேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிஞ்சதும் அவளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை அசல்ல இல்ல, என் நாத்தனா மகன்தான். நாங்க உத்தமபாளையம், அவுக கம்பம். பஸ் ஏறுனா அரை மணி நேரம்கூட ஆகாது. சின்னதுலருந்து இங்கன வந்து போற பிள்ளை. அத்தா, அண்ணன் முன்னாடி வெறுந்தலையாத் திரியுறவ, பெரிய மனுஷியான நாள்லருந்து, வாசல்ல அவன் குரல் கேட்டாலே துப்பட்டாவை இழுத்து முக்காடு போட்டுக்கிட்டு அடுப்படிக்கு ஓடுவா. ஓடிட்டு, கதவிடுக்கு வழியாப் பார்ப்பா. பெத்தவளுக்குத் தெரியாதாக்கும்! ரெண்டு வீட்டுலயும் எல்லாருக்கும் சம்மதம். எனக்குத்தான் ரொம்பச் சந்தோசம்.

ஞாயித்துக்கிழமை மதரசாவுல பொம்பளைகளுக்கு பயான். பள்ளிவாசல் ஹஜ்ரத்து திரைக்கு அந்தப் பக்கம் உக்காந்து மைக்குல பேசுனாக. அன்னைக்கு பாலைப் பத்தி. சாணத்துக்கும் ரத்தத்துக்கும் நடுவுலருந்து படைச்ச ரப்பு நமக்குச் சுத்தமான பாலைக் குடுக்குறான்னு சொன்னாக. நான் தினம் மாடு கறக்குறவ. சாணியை அள்ளிட்டு அந்தக் கையைக் கழுவிட்டுத்தான் மடியைத் தொடுறேன். அட, ஆமால்லன்னு தலையை ஆட்டிக்கிட்டுக் கேட்டேன்.

அப்புறம் பேச்சு பால்குடி உறவுக்குப் போச்சு. ஒரு பொம்பளை அடுத்தவ பிள்ளைக்குப் பால் குடுத்துட்டா அந்தப் பிள்ளைக்கு அவ தாய், அவ பெத்ததெல்லாம் கூடப் பொறந்ததுக, கல்யாணம் ஆகாதுன்னாக. இது எனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா அடுத்து ஒண்ணு சொன்னாக பாருங்க. "கூடச் சேர்ந்து குடிச்ச பிள்ளை மட்டும்தான்னு சில பேர் நினைக்கிறாக. அப்படி இல்லம்மா. அவளுக்கு அதுக்கு முன்னாடி பொறந்தது, பத்து வருசம் கழிச்சுப் பொறக்கப் போறது, எல்லாமே கூடப் பொறந்ததுதான்."

நான் அந்தச் சில பேர்ல ஒருத்தி.

இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி, என் நாத்தனா தலைப்பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தா. அவளுக்குப் பால் சரியா ஊறல. வந்து பார்த்த கிழவிக எல்லாம் வாய் சும்மா இருக்காம, "மதினிக்காரிக்கு ஊறுறதுல பாதி உனக்கு இருந்தாப் போதுமே"ன்னு சொல்லிச் சொல்லி அவளைப் புண்ணாக்கிட்டாக. அவ ரோசக்காரி. "எம்பிள்ளைக்கு எவ பாலும் வேணாம், பவுடர்ப்பால் இருக்கு"ன்னு டப்பாவை வாங்கி வச்சுக்கிட்டா. பிள்ளைக்கு நாப்பது நாள் ஆனப்ப அவளுக்குக் கடுமையான காய்ச்சல். மாமியார் அவளைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாக. வீட்டுல நானும், என் ஏழு மாசத்து மகனும், அந்தப் பச்சை மண்ணும்.

பவுடர்ப்பாலைக் குடுத்தா துப்புறான். மத்தியானம் வரைக்கும் அழுது அழுது, பிறகு அழக்கூட தெம்பு இல்லாம வெறுமனே வாயை வாயைத் தொறந்தான். என்னால பார்க்க முடியல. தூக்கி மடியில போட்டேன். மடக்கு மடக்குன்னு குடிச்சுட்டு, வாயோரத்துல பால் வடிய அப்படியே தூங்கிட்டான். சாயங்காலம் வந்தவ, "என்ன குடிச்சான் மதினி?"ன்னு கேட்டா. காய்ச்சல்ல வதங்கிக் கிடந்த அந்த மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்ல? "பவுடர்ப்பால்தான் ஆத்தா, நல்லாக் குடிச்சான்"னேன். என் மகனும் அவனும்தானே பால் அண்ணன் தம்பி, ரெண்டு பேரும் ஆம்பளை, இதுல என்ன வந்துறப் போகுதுன்னு அதை அதோட விட்டுட்டேன். மக பொறந்தது நாலு வருசம் கழிச்சு.

திங்கக்கிழமை முழுக்க வீட்டுக்குள்ளயே நடந்தேன். கூடம், அடுப்படி, கொல்லை, மறுபடியும் கூடம். எங்க வீட்டுக்காரக, "ஒரு இடத்துல உக்காரேன்டி, பார்க்கிற எனக்குத் தலை சுத்துது"ன்னாக. தொழுகையில நின்னா எத்தனை ரக்அத்துன்னு மறந்து போகுது. அவன் குடிச்சானா, சும்மா சப்புனானா? நானே கேட்டுக்கிட்டேன், நானே பொய் சொல்லிக்கிட்டேன். செல்போன்ல எவரோ ஒருத்தர் பயான்ல அஞ்சு தடவ குடிச்சாத்தான் சேத்தின்னு சொன்னாக. எனக்கு உசுரு வந்த மாதிரி இருந்துச்சு. உடனே எங்க ஹஜ்ரத்துக்குப் போன் போட்டு, "எனக்குத் தெரிஞ்ச பொம்பளை ஒருத்திக்கு ஒரு சந்தேகம்"னு ஆரம்பிச்சேன். அவுக என்ன சின்னப் பிள்ளையா!

"அது வேற மத்ஹபுக்காரக சட்டம்மா. நம்ம ஹனபியில ஒரு வாய் உள்ள போனாப் போதும்."

"யாருமே பார்க்கலையாம் ஹஜ்ரத்து. அவளுக்கு மட்டும்தான் தெரியுமாம்."

அவுக மெதுவா, "ஒருத்தி சொல்லை மட்டும் வச்சுச் சட்டம் தீர்ப்புச் சொல்லாதும்மா. ஆனா அவளுக்குத் தெரியும்ல?"ன்னாக.

புதன்கிழமை காலையில மாடு காலை உதறி பால் வாளியைத் தட்டி விட்டுருச்சு. மனசை எங்கயோ வச்சுக்கிட்டு நான் கறந்தது அதுக்கே பிடிக்கல. சொசைட்டிக்கு ஊத்த ஒரு சொட்டு மிச்சம் இல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன பக்கத்து வீட்டுக்காரி, "விடுக்கா, நாங்க வெள்ளிக்கிழமைன்னா புத்துக்கு ஊத்துறோம்ல, அப்படி நினைச்சுக்கங்க"ன்னா. நல்ல மனசுக்காரி. அவளுக்கு ஒரு சொம்பு பாலைப் புத்துல ஊத்துனா பாரம் இறங்கிரும். நான் ஊத்துன பால் அவன் உடம்புல ரத்தமால்ல ஓடுது! வாளியை அங்கனயே போட்டுட்டுக் கம்பத்துக்குப் பஸ் ஏறிட்டேன்.

நாத்தனா நிச்சயத்துக்கு எடுத்த பட்டுச் சேலையைக் காட்ட வந்தா. அதை என் மடியில விரிச்சு வச்சிருக்கப்பவே சொன்னேன். மொதல்ல அவளுக்குப் புரியல. பிறகு மூஞ்சி கறுத்துச்சு. கல்யாணத்தைப் பத்தி அவ கேக்கல. "எனக்குப் பால் இல்லைன்னு நீயும் நினைச்சுட்டேல்ல மதினி"ன்னா. அம்புட்டு வருசம் கழிச்சும் அந்தப் புண்ணு ஆறல. சேலையை வெடுக்குன்னு உருவி மடிச்சா. ஓரம் சேரல. மறுபடி மடிச்சா.

"இருபத்தஞ்சு வருசம் வாயை மூடிக்கிட்டு இருந்தவ, இன்னும் ரெண்டு நாள் மூடியிருக்கக் கூடாதா? யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே ஆத்தா"ன்னேன்.

வீட்டுக்கு வந்து மககிட்டச் சொன்னேன். அவ கத்தல, அழல. அது எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு. "ஒரு தடவதானேம்மா?"ன்னு மட்டும் கேட்டா. ஆமான்னேன். எந்திரிச்சுப் போய்க் கைக்கு வச்சிருந்த மருதாணிக் கோனையெல்லாம் எடுத்துக் குப்பையில போட்டா. நிச்சயம் நின்னு போச்சு. நான் செஞ்சது சரிதான்னு எல்லாரும் சொன்னாக, ஹஜ்ரத்து எங்களுக்காக துஆ செஞ்சாக. ஆனா அவ என்கிட்டப் பேசி ஒன்றரை மாசம் ஆச்சு. இன்னொரு தடவ அந்தப் பச்சை மண்ணு வாயைத் தொறந்தா குடுக்காம இருப்பேனான்னு என்னையே கேட்டுப் பார்த்தேன். இருக்க மாட்டேன். அதுக்கும் சேர்த்து அழுதேன்.

போன வாரம் வாசல்ல அவன் குரல் கேட்டுச்சு. அம்மா குடுத்து விட்டாகன்னு ஒரு பை திராட்சை கொண்டு வந்திருந்தான். உக்காருன்னு சொல்லவும் முடியல, போன்னு சொல்லவும் முடியல. அதுக்குள்ள அடுப்படியிலருந்து என் மக டீ டம்ளரோட வந்தா. துப்பட்டா தோள்ல கிடக்கு. தலை வெறுந்தலை. நேரா வந்து அவன் முன்னால நின்னு டம்ளரை நீட்டுனா. அவன் நிமிந்து பார்க்கல.

பழக்க தோசம், என் வாய் சும்மா இருக்கல. "ஏ ஆத்தா, தலையில துணியைப் போடு"ன்னேன்.

ஒன்றரை மாசத்துல மொதத் தடவையா என்னைப் பார்த்துப் பேசுனா. "எதுக்கும்மா? அண்ணன்தானே வந்திருக்காக."