சிப்பாயின் வாயில் விமலன் குரல்

இதை நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. ஆனால் நடந்தது. பிரிக்பீல்ட்ஸில், என் வீட்டுக் கூடத்தில், எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்த ஒரு மாலையில் நடந்தது.

நானும் விமலனும் பழைய ரோமாபுரிப் போர்களைப் பற்றிய ஒரு கணினி விளையாட்டைத் திருத்திக்கொண்டிருந்தோம். யாரும் கேட்டுச் செய்யவில்லை. எங்களுக்குப் பைத்தியம், அவ்வளவுதான். கேடயத்தின் வடிவம், செருப்பின் வார், படை நிற்கும் முறை என்று தப்பாக இருந்ததையெல்லாம் மாற்றினோம். சிப்பாயைக் கிளிக் செய்தால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். விமலனுக்கு அதுதான் பெரிய எரிச்சல். லத்தீன் கட்டளைகளைத் தேடிப் படித்து, தன் குரலிலேயே பதிவு செய்து அனுப்பினான்; அதைச் சிப்பாய்களின் வாயில் நான் பொருத்தினேன்.

அவனுக்கு மேரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அதற்குப் பக்கத்தில், கிள்ளானில், தாழ்வான இடத்தில் வீடு. அவனும் அம்மா அமுதவள்ளியும் மட்டும்தான். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. பிடித்துக்கொண்டுதான் நடப்பார்.

அந்த டிசம்பரில் விடாமல் மழை. சனிக்கிழமை மதியம் கிள்ளானில் வெள்ளம் என்று செய்தி வந்தது. விமலனை அழைத்தேன். போன் அணைந்திருந்தது. அவன் அம்மாவின் போனுக்கு அழைத்தேன். அதுவும் அப்படித்தான். சாலைகளை மூடிவிட்டார்கள். அவசர எண்ணில் முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் குரலையாவது கேட்போம் என்று விளையாட்டைத் திறந்தேன். ஒரு சிப்பாயைக் கிளிக் செய்தேன்.

"தண்ணி வந்துருச்சுக்கா."

கையை எடுத்துவிட்டேன்.

அவன் அனுப்பிய ஒலிக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டேன். எல்லாம் லத்தீன்தான். ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை. திரும்ப வந்து அதே சிப்பாயைக் கிளிக் செய்தேன்.

"அம்மா பின் ரூம்ல. அலமாரி மேல."

குரலுக்குப் பின்னால் தண்ணீர் தளும்பும் சத்தம்...

கேதீஸ்வரன் என்பவர் அந்தப் பகுதியில் படகு ஓட்டி ஆட்களை மீட்பதாக வாட்ஸ்அப்பில் எண் வந்திருந்தது. அழைத்து விமலன் வீட்டு முகவரியைச் சொன்னேன். அந்த வரிசை வீடுகளில் எல்லாரையும் ஏற்றியாகிவிட்டது என்றார். அந்த வீட்டில் கூப்பிட்டுப் பார்த்தார்களாம், பதில் இல்லையாம்.

"காலி வீடு லா, அக்கா."

"காலி இல்லண்ணே. பின் ரூம்ல, அலமாரி மேல இருக்காங்க. உங்க கால்ல விழறேன், ஒரு தடவை போங்க."

"யார் சொன்னா?"

"மகன்."

போய்ப் பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். நான் கிளிக் செய்தேன்.

"சீக்கிரம்க்கா."

படகு வருகிறது, பிடித்துக்கொள் என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். கிளிக் செய்தேன்.

"கை வலிக்குது..."

அழுதுகொண்டே கிளிக் செய்தேன்.

வெறும் தண்ணீர்ச் சத்தம்.

கிளிக் செய்தேன்.

எதுவுமில்லை...

போன் அடித்தது.

"அம்மாவை ஏத்திட்டோம். உயிர் இருக்கு."

"விமலன்?"

"வேற யாரும் இல்லக்கா."

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். அமுதவள்ளி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, விமலன் எங்கே என்றுதான் முதலில் கேட்டார்.

"அவன்தாம்மா என்னைத் தூக்கி அலமாரி மேல உட்கார வெச்சான். கீழ தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு விழாம பிடிச்சுக்கிட்டான். கரண்டு இல்ல, முகம் தெரியல. கைதான் அப்படிச் சில்லுன்னு இருந்துச்சு."

பேசும்போது அவருடைய தொளதொளச் சட்டையின் இரு கைகளும் விலகின. இரண்டு அக்குளுக்குக் கீழேயும் விரல் விரலாக நீலத் தடம்.

திங்கட்கிழமை வெள்ளம் வடிந்தது. மேருவில், தொழிற்சாலையிலிருந்து வரும் வழியில், ஒரு பள்ளத்துக்குள் விமலனின் காரைக் கண்டெடுத்தார்கள். கண்ணாடி ஏற்றியபடி, பெல்ட் போட்டபடி, உள்ளேயே இருந்தான்.

வெள்ளிக்கிழமை இரவே இறந்துவிட்டான் என்றார் மருத்துவர். அந்த வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்தது சனிக்கிழமை மதியம்.