சாத்திய சன்னல்

டெல்ஃப்ட் நகரில், எங்கள் வாய்க்கால் தெருவில், மாக்டெல்ட்டை மாதிரி வாசற்படி தேய்த்தவள் கிடையாது. தேய்த்துவிட்டுச் சும்மா இருப்பாளா? "ஏன்டி, உங்க வீட்டுப் படியில கோழி குடும்பம் நடத்துதா?" என்று என்னைக் கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பீர் வடிக்கும் சீமான் ஒருவர் தன் கூடத்தில் மாட்ட எங்கள் தெருவைப் படமாகக் கேட்டிருந்தார். ஒரு சனிக்கிழமை காலை ஓவியர் லாம்பெர்ட் எதிர்க்கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கென்று பார்த்து மாக்டெல்ட் வீட்டு அடுப்பு குபுக்கென்று புகை கக்கி, முன்னறை முழுக்கக் கரி. இதுவா அவர் கண்ணில் படவேண்டும் என்று பதறி, சன்னல் கதவுகளைப் படபடவென்று சாத்திவிட்டாள்.

பகலில் சன்னல் சாத்தினால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான்: உள்ளே சாவு.

அவள் புருஷன் ஹாய்க் அந்த மாதம் முழுக்க இருமிக்கொண்டிருந்தார். "ஐயோ, ஹாய்க் போயிட்டாரே!" என்று முதலில் கத்தியது நான்தான். ரொட்டி வெந்தாச்சு என்று தெருவுக்குச் சொல்ல ஊத எடுத்த கொம்பை ரொட்டிக்காரர் கீழே இறக்கினார். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினோம், திறக்கவில்லை. பாவம், மயங்கிக் கிடக்கிறாள் என்று வாசலிலேயே நின்று அழுதோம். எதிர்க்கரையில் ஓவியர் தலை நிமிராமல் வரைந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் பாலத்தில் ஹாய்க் வந்தார், கையில் மீனோடு. "யாருப்பா போனது?" என்று அவரும் தொப்பியைக் கழற்றினார்.

"நீதான்யா!" என்றார் ரொட்டிக்காரர்.

ஹாய்க் தன் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். கரிக்கு நடுவே, துடைப்பத்தைக் கட்டிப்பிடித்தபடி மாக்டெல்ட் உட்கார்ந்திருந்தாள். தெரு வெடித்துச் சிரித்தது.

படத்தைச் சீமான் வீட்டில் மாட்டிய அன்று நாங்களும் போனோம். மங்கலான வானம், கறுத்த தண்ணீர், சாத்திய சன்னல், அதன் முன்னால் தலைகுனிந்து நாங்கள். "அடடா, என்ன துக்கம்!" என்று வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நாங்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டோம். ஹாய்க் மட்டும் சிரிக்கவில்லை.

"மாக்டெல்ட், இவங்க எனக்காக அழுதது உள்ள கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"'அவர் சாகல'ன்னு ஒரு குரல் குடுத்திருக்கலாமே?"

அவள் முகம் காது வரைக்கும் சிவந்தது.

"கதவத் திறக்கச் சொல்லுவாங்க… தரை கரியா இருந்துச்சுங்க."

எங்களுக்கும் சிரிப்பு நின்றுபோனது. ஹாய்க் தொப்பியை மாட்டிக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தார்.