பதினோரு பேரும் எழுதிய மைனஸ் பன்னிரண்டு

பன்னிரண்டாம் வகுப்பில் எங்களுக்கு இயற்பியல் எடுத்த சார் ஆகஸ்ட் மாதம் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. வேதியியல் டீச்சர் வாரம் இரண்டு பீரியட் வந்து புத்தகத்தை வாசித்துவிட்டுப் போவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பாடமே அவருக்குத் தலைக்கு மேல் கிடந்தது. புத்தகத்தில் பதினோரு பாடங்கள். தமிழ்வழி அறிவியல் பிரிவில் நாங்களும் பதினோரு பேர். ஆளுக்கு ஒரு பாடம் என்று பிரித்து, பெயர்களைக் கரும்பலகையில் எழுதியவள் நான். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் எப்போதும் அப்படித்தான்.

சட்டதிட்டமும் என்னுடையதே. பாடம் எடுப்பவரை அன்றைக்கு மற்றவர்கள் சார், டீச்சர் என்று மரியாதையாகத்தான் கூப்பிட வேண்டும். சொல்லிக்கொடுத்த கணக்கை எண்களை மாற்றிப் பலகையில் போட்டுக் காட்டாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. விக்கிரமங்கலம் பக்கம் போகிறவர்களுக்கு ஐந்தே முக்கால் பஸ்தான் கதி என்பதால் சாக்பீஸ் முதலில் அவர்கள் கைக்குப் போகும். வெளியே சுண்ணாம்புக்கல் லாரி போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, அது கடந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்.

அந்த பஸ்ஸில் போகிறவர்களில் ஒருத்தி என் தோழி. அரையாண்டில் அவள் இயற்பியலில் எழுபதுக்குப் பதினொன்று. எழுத்துத் தேர்வில் பதினைந்தாவது எடுத்தால்தான் பாஸ். பொதுத்தேர்வில் ஃபெயிலானால் மறுநாளே திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாக அவள் அண்ணன் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிறவர். அவளைப் பாஸ் பண்ண வைப்பேன் என்று நான் சபதம் போட்டிருந்தேன்.

எனக்கு விழுந்த பாடம் கதிர் ஒளியியல். குழியாடிக்குக் குவியத்தூரம் மைனஸ் என்பதை நன்றாக மண்டையில் ஏற்றிக்கொண்டேன். குவிலென்சு வந்தபோதும் யோசிக்காமல் அதே மைனஸைப் போட்டேன். லென்சுக்கு அது ப்ளஸ். புத்தகத்தில் இருந்த எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். நானாகக் கணக்கு உண்டாக்கிப் போடுவதுதான் கெத்து என்று அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாடத்தின் நடுவில் என் தோழி எழுந்தாள்.

"டீச்சர், லேப்ல லென்ச புடிச்சப்ப ஜன்னல் பிம்பம் எதுத்த சுவத்துல விழுந்துச்சுல்லங்க? அப்ப பிம்பம் லென்சுக்கு அந்தாண்டதானே வரணும்? மைனஸ்னா இந்தாண்டன்னு ஆவுதே."

"சூத்திரத்துல என்ன வருதோ அத எழுது. பஸ்ஸுக்கு நேரமாவுது."

அவள் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு பேரும் பலகையில் பிசகாமல் போட்டுக் காட்டினோம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது திருப்புதல் தேர்வு. அதில் மூன்று மதிப்பெண்ணுக்கு ஒரு குவிலென்சுக் கணக்கு: பொருள் முப்பது சென்டிமீட்டரில், குவியத்தூரம் இருபது, பிம்பம் எவ்வளவு தூரத்தில்? சரியான விடை அறுபது. நாங்கள் பதினோரு பேரும் மைனஸ் பன்னிரண்டு எழுதியிருந்தோம். தாள்களைத் திருத்தியவர் பெரம்பலூர் பக்கத்து வேறொரு பள்ளியின் சார். எல்லாத் தாளிலும் அந்த இடத்தில் சிவப்பு மையில் 'காப்பி' என்று எழுதி, கட்டோடு நேரில் வந்துவிட்டார்.

தலைமையாசிரியர் அறையில் வரிசையாக நின்றோம்.

"யாரு யாருக்குக் காமிச்சீங்க?" என்றார் தலைமையாசிரியர்.

பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்களே தவிர, ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"நான்தான் சார். பரீட்சையில இல்ல, ரெண்டு வாரம் முன்னாடி. நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். நம்பலன்னா இப்பவே வேற கணக்குக் குடுங்க, தனித்தனியா உக்காந்து எழுதுறோம்."

திருத்திய சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பொருள் பதினைந்து, குவியத்தூரம் பத்து என்று சொல்லி, எங்களை வராண்டாவில் தள்ளித் தள்ளி உட்கார வைத்தார். ஐந்து நிமிடத்தில் பதினோரு தாள்களும் அவர் கையில் இருந்தன. பதினொன்றிலும் மைனஸ் ஆறு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"காப்பி இல்ல சார். பாடமே தப்பா போயிருக்கு" என்று தலைமையாசிரியரிடம் சொன்னார். சிவப்பு எழுத்தையெல்லாம் அடித்துக் கையெழுத்துப் போட்டார். ப்ளஸ் எங்கே, மைனஸ் எங்கே என்று அந்த அறையிலேயே படம் வரைந்து விளக்கினார். கிளம்பும்போது ஒரு தாளை மட்டும் என்னிடம் நீட்டி, "இது யாருதுன்னு பாரும்மா" என்றார்.

என் தோழியின் கையெழுத்து. மேலே முப்பது என்று சரியான விடை வந்திருந்தது. அதன் மேல் பெருக்கல் குறி. கீழே மைனஸ் ஆறு.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்டி அடிச்ச? எல்லாரும் ஒண்ணா எழுதுனாத்தான் நம்புவாங்கன்னா?"

"அதெல்லாம் இல்ல. பரீட்சையிலயும் மொதல்ல அறுவதுதான் வந்துச்சு. நீ சொன்னது வேறயா இருந்துச்சு, அடிச்சுட்டேன்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே. நீ எரிஞ்சு விழுந்த."

அந்தத் தேர்வில் அவள் வாங்கியிருந்தது பதின்மூன்று. அந்த மூன்று மதிப்பெண் கிடைத்திருந்தால் பதினாறு. கூட்டிப் பார்க்க எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. அவளைப் பாஸ் பண்ண வைக்கிறேன் என்று சொன்ன நானே அவளை ஃபெயிலாக்கியிருந்தேன். அன்றைக்கு வெட்கப்பட்ட மாதிரி நான் பிறகு எதற்கும் வெட்கப்பட்டதில்லை.

பொதுத்தேர்வுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. மறுநாள் புதிதாக ஒரு சட்டம் போட்டேன். யார் பாடம் எடுத்தாலும் என் தோழி மூன்று கேள்வி கேட்பாள். மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் அடுத்த கணக்கு. முதல் இரண்டு நாள் அவள் வாயே திறக்கவில்லை. கேட்காவிட்டால் பாடம் நடக்காது என்று நானும் சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த இரண்டு நாளும் வீணாகப் போயின. மூன்றாம் நாள் கேட்க ஆரம்பித்தவள் பிறகு விடவே இல்லை. மின்தேக்கியில் ஒரு கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை. சுர்ரென்று ஏறிய கோபத்தை விழுங்கிக்கொண்டு, "தெரியலங்க, பாத்துட்டு வரேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. பழைய பாடங்களில் இன்னும் நான்கு தப்புகளை அந்தக் கேள்விகளால்தான் பிடித்தோம். அதில் இரண்டு நான் செய்தவை.

பொதுத்தேர்வில் அவள் எழுபதுக்கு முப்பத்தெட்டு. திருப்பூர் பேச்சு அத்தோடு முடிந்தது. இப்போது கல்லூரியில் இயற்பியலே எடுத்துப் படிக்கிறாள். ஆனால் எனக்கு அந்த மதிப்பெண்ணை விட, தேர்வு முடிந்து வெளியே வந்த பத்து நிமிடம்தான் மனதில் நிற்கிறது. வேப்பமரத்தடியில் நின்று விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். மின்தடைக் கணக்குக்கு எனக்கு நான்கு ஓம். கூட இருந்த எட்டுப் பேருக்கும் நான்குதான். எல்லோர் முகமும் தெளிந்தது. அவள் மட்டும் தனக்கு ஆறு என்றாள்.

"நல்லா யோசிச்சுப் பாரு. நான் நாலு போட்டிருக்கேன்" என்றேன், பழைய குரலிலேயே.

அவள் வினாத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நீ நாலு போட்டிருப்பன்னு அங்கயே தெரியும்" என்றாள். "ஆனா நான் அடிக்கல."