படியில் ஒட்டிய மஞ்சள் டேப்

கரும்பு லோடு டிராக்டரை எறையூர் ஆலைக்கு ஓட்டிய காலத்தில், என் பெரியப்பா கும்மிருட்டிலும் பள்ளம் பார்த்து ஒதுக்குவாராம். எனக்கு விவரம் தெரிந்தபோது அவருக்கு எதிரே நிற்பவரின் முகம் தெரியும். காலடியில் கிடக்கும் செருப்பு தெரியாது. கண்ணில் அழுத்தம், பார்வை ஓரத்திலிருந்து சுருங்குகிறது என்றார்கள். அடிக்கடி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வருவார்.

கண் முகாமில் ஒரு நர்ஸ் அப்பாவிடம் சொன்னார்: "அவங்க நடக்குற வழியில எதையும் போடாதீங்க. படி ஓரத்துல பளிச்சுனு கலர் டேப் ஒட்டிருங்க. புள்ளைங்களுக்கும் ஒருக்கா கண்ணக் காட்டிருங்க, இது வம்சத்துல வரும்."

முதல் பாதியை அப்பா அன்றைக்கே செய்தார். அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு படி. மேலும் கீழும் ஒரே வெள்ளை டைல்ஸ். அதன் விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டினார். பெரியப்பா தலையைக் குனிந்து அதைத் தேடிப் பிடித்துத்தான் காலை இறக்குவார். அதன் பிறகு விழவில்லை. நர்ஸ் சொன்ன மறுபாதியை மட்டும் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. பெரியப்பா மகளுக்கு, எங்கள் அக்காவுக்கு, வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உடையார்பாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்த அன்று காலை, பெரியம்மா அந்த டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"வர்றவங்க இது என்னன்னு கேட்டா என்னத்தச் சொல்றது? இன்னைக்கு ஒரு நாளு பாத்து வந்துருங்க."

"சரி" என்றார் பெரியப்பா.

கார் வந்து நின்ற சத்தம் கேட்டு அவசரமாக எழுந்து வந்தார். படி இருப்பது தெரியாமல் காலை வைத்து, பக்கவாட்டில் விழுந்தார். அப்பா அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கவும் அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றவும் சரியாக இருந்தது. கடைசிவரை அவர் அசையவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவை முகத்துக்கு முகம் பார்த்துச் சிரித்துப் பேசினார்.

"என்னங்க, இப்புடி வேர்க்குது?" என்று கேட்டார் வந்தவர்.

"புழுக்கங்க. நீங்க காபிய எடுத்துக்கங்க."

கார் தெருமுனையைத் தாண்டியதும் அப்பாவின் கையைப் பிடித்தார். "தம்பி, என்னால எந்திரிக்க முடியலடா."

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்தும் அவர் மறுபடி நடக்கவில்லை. தையில் நடந்த கல்யாணத்துக்கு நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, பங்குனி முடிவதற்குள் போய்விட்டார்.

எனக்கு அதிகம் நினைவில் நிற்பது, அவர் விழுந்ததற்கு மறுநாள் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நடந்ததுதான். மாப்பிள்ளையின் அப்பா ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்திருந்தார். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்.

"தரையில தண்ணி கெடந்துச்சு சம்பந்தி, வழுக்கிருச்சு."

"தண்ணியே இல்லையே பெரியப்பா!" என்றேன் நான்.

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் கண்ணில் நீர் வந்துவிட்டது. பொய் சொன்னவர் பெரியப்பா, கிள்ளு வாங்கியது நான். அந்தக் கல்யாணப் பேச்சில் நடந்த அநியாயம் அது ஒன்றுதான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.