நைனாவைத் திருப்பிப் படுக்கவைத்தவர்கள்

என் தந்தை நைனா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் எங்கள் இல்லத்திற்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொண்ட உறவினர்களையும் நண்பர்களையும் வணங்கி இதை எழுதுகிறேன். மறைந்தவரைப் பற்றி நல்லவற்றை மட்டுமே சொல்வது வழக்கம். அந்த வழக்கத்தின்மீது நைனாவுக்கு நம்பிக்கை இருந்ததில்லை. பிற வீடுகளிலிருந்து வரும் நினைவு மலர்களைப் படித்துவிட்டு, "இம்மாம் நல்லவனா இருந்தா நமக்குத் தெரியாமலா போயிருக்கும்?" என்று கேட்டு மடித்து வைப்பார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுத முயல்கிறேன்.

திருவாலங்காட்டுக்கு அருகிலுள்ள சிற்றூரில், நெல்லும் கரும்பும் பயிரிட்ட குடும்பத்தில் மூத்த மகனாகப் பிறந்தார். தந்தையை இளம் வயதில் இழந்ததால் பள்ளியை விட்டு நிலத்தில் இறங்கினார். தம்பியாகிய என் சித்தப்பாவைப் படிக்கவைத்தார். திருமணத்திற்குப் பின், அம்மாவின் நிலத்தைப் பார்த்துக்கொள்ளக் கே.ஜி.கண்டிகைக்குக் குடிவந்தார். பிள்ளை என்று நான் ஒருத்திதான். ஆடிக் கிருத்திகைதோறும் மலைக்குக் காவடி எடுத்தார். உடல் விழும்வரை அதை ஓர் ஆண்டும் விட்டதில்லை.

அவருடைய முதன்மையான குணம் சந்தேகம். இதைக் குறையாக எழுதவில்லை. மோட்டார் பழுதானால் அதை மெக்கானிக் தன் கடைக்கு எடுத்துச் செல்ல விடமாட்டார். கிணற்றடியிலேயே பிரிக்கவைத்து, பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு பாகமும் எங்கே போகிறது என்று பார்ப்பார். எனக்கு ஒரு வரன் வந்தபோது, யாரிடமும் சொல்லாமல் ஆர்.கே.பேட்டைக்குப் பேருந்து ஏறி, மாப்பிள்ளை வீட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து, "பையன் நல்லவன்தான். ஆனா அவங்கம்மா பால்காரனப் பேசற பேச்சு செரியில்ல. வேணாம்" என்றார். அந்தச் சம்பந்தம் அத்துடன் நின்றது. பின்னர் அந்த வீட்டைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டவையெல்லாம் நைனாவின் பக்கமே இருந்தன.

கரும்புக்கு மடை திருப்பிக்கொண்டிருந்த ஒரு காலையில் வரப்பிலேயே விழுந்தார். வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது. பேச்சு குழறினாலும் புரிந்தது. அரசு மருத்துவமனையில் செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட்டு, வீட்டில் வைத்துப் பாருங்கள், அடிக்கடி திருப்பிப் படுக்கவையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். உழைத்து உரமேறிய அந்த உடலை, மூட்டுவலியுடன் இருந்த அம்மாவால் தனியாகத் திருப்ப இயலவில்லை. நான் காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குச் சென்று மாலையில் திரும்புவேன். அந்த இடைவெளியில் அவருடைய இடுப்புக்குக் கீழே புண் வந்து, ஆழமாகி, நாற்றமெடுத்தது. உறவினர்கள் வந்தீர்கள், பழமும் ரொட்டியும் கொண்டுவந்தீர்கள். ஆனால் அறைக்குள் அமரும் நேரம் குறைந்துகொண்டே போனது. அதற்காக யாரையும் குறைகூறவில்லை. அந்த வாடை எனக்கும் தெரியும்.

மளிகைக் கடையில் அம்மா கலங்கி நின்றதைப் பார்த்து, எஸ்தர் அக்கா என்பவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பக்கத்துக் கிறித்தவச் சபையைச் சேர்ந்தவர். முன்பு மருத்துவமனையில் ஆயாவாக வேலை பார்த்தவர். அச்சபைப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாருடைய பிடி அரிசியையும் ஒன்றாகச் சேர்த்து, படுக்கையில் கிடப்பவர்கள் இருக்கும் வீடுகளுக்கு, அவர்கள் எந்த மதத்தவராயினும், அந்த வாரம் முழுவதும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுசெல்வார்கள். எப்போதும் இருவராகவே வருவார்கள். கஞ்சித் தூக்கை வைத்துவிட்டு, குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு, நோயாளியைத் துடைத்துக் கட்டுப் போடுவார்கள்.

முதல் நாள் நைனா கஞ்சியைத் தொடவில்லை.

"இதுல இன்னாத்த ஜெபம் பண்ணி எடுத்துகினு வந்த?" என்றார்.

"உப்பு போட்டேன் நைனா. வேற ஒண்ணும் போடல."

"நீ ஜெபம் பண்ணுவதான?"

"ஆங், பண்ணுவேன். அத எங்க ஊட்லயே பண்ணிட்டுதான் கெளம்பினேன்."

"அப்போ நீ ஒரு வாய் குடி மொதல்ல."

எஸ்தர் அக்கா சிரித்துக்கொண்டே ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்தார். நைனா அவர் தொண்டை இறங்குவதைப் பார்த்திருந்துவிட்டு, "செரி, எனக்கும் ஊத்து. உப்பு கம்மியா இருந்தா சொல்லுவேன்" என்றார். அதற்குப் பின்னும் நெடுநாள் வரை அவர்களில் ஒருவர் முதலில் குடித்த பிறகே குடித்தார்.

என் சந்தேகம் வேறு வகையானது. துன்பத்தில் கிடப்பவருக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் வலிமை குறைவு. அந்நிலையில் அவர் ஒன்றுக்குத் தலையசைத்தால், அது சம்மதமா, இயலாமையா? சாலையோரமாக இருக்கும் அம்மாவின் நிலத்தின்மேல் யாருக்கேனும் கண் இருக்குமோ என்றும் எண்ணினேன். பழகிய பிறகு அவர்கள் திடீரென்று நின்றுவிட்டால் நைனாவின் நிலை முன்னைவிட மோசமாகும் என்றும் எண்ணினேன். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை வாசலில் காத்திருந்து, போதகரிடம் நேராகவே கேட்டேன்.

"எங்க நைனாகிட்ட இருந்து உங்களுக்கு என்ன வேணும் ஐயா?"

"அவரு ஆண்டவர ஏத்துக்கணும்னு மனசுல ஆசை இருக்குதும்மா. இல்லன்னு சொன்னா பொய்யாயிடும். ஆனா ஏத்துக்கலன்னாலும் புண்ணு ஆறணும் இல்ல?"

"அவர் கடைசி வரைக்கும் வேண்டாம்னு சொன்னா?"

"வேணாம்னு சொன்ன ஊட்டுக்கும் போய்கினுதான் இருக்கறோம். ஒரு ஊட்ல நாய அவுத்து உட்டாங்க. அந்த ஊட்டுக்கு மட்டும் இப்ப ஆம்பளைங்கள அனுப்பறோம்."

அந்த நேர்மை எனக்குப் பாதி ஆறுதலைத் தந்தது. என் சந்தேகத்தின் மீதிப் பாதியைக் கூர்மையாக்கியது. ஆசை இருப்பதை ஒப்புக்கொண்டவர்களை வீட்டுக்குள் விட்டிருக்கிறோம் என்ற நினைவுடனேயே ஒவ்வொரு நாளும் ரயில் ஏறினேன். விடுப்பு நாள்களில் அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். புண் மெல்ல மெல்லச் சிறுத்தது. வாடை நின்றது. நான் நாற்காலியை எடுக்கவில்லை.

இந்நிலையில்தான் எண்ணெய்ப் பேச்சு எழுந்தது. திருமண அழைப்பிதழ் வைக்க வந்த உறவினர் ஒருவர், எஸ்தர் அக்கா கண்களை மூடியபடி நைனாவின் காலில் எண்ணெய் நீவுவதைக் கண்டார். சில சபைகளில் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிப்பது வழக்கம் என்பதை எங்கோ கேட்டிருந்த அவர், நைனா மதம் மாறிவிட்டார் என்று திருவாலங்காடு வரை செய்தியைக் கொண்டுசேர்த்தார். அது எங்கள் சமையலறை நல்லெண்ணெய். விறைத்த காலை நீவிவிடச் சொன்னவர் மருத்துவர். ஆனால் மூடிய கண்களுக்கு என்னிடம் விளக்கமில்லை. எஸ்தர் அக்காவையே கேட்டேன். "மனசுக்குள்ள ஜெபம் பண்ணேன்மா. அவருக்கு நல்லாவணும்னு பண்ணேன், அவர மாத்தறதுக்கு இல்ல" என்றார். மனத்திற்குள் நடப்பதைச் சோதித்துப் பார்க்க வழியேது?

மகன் இல்லாத நைனாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் சித்தப்பா. நைனாவுக்கு மீதமிருந்த ஒரே கவலையும் அதுவே. தன் கூடப்பிறந்தவன் கையால், தன் பங்காளிகள் சூழப் போக வேண்டும் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தச் சித்தப்பா, நான் விடுப்பில் இருந்த ஒரு பிற்பகலில் வந்து, கட்டிலருகே நின்றபடியே பேசினார்.

"இன்னாண்ணா இது, உனக்கு எண்ணெ பூசிட்டாங்கன்னு ஊரே பேசுது?"

"கால்லதான்டா பூசினாங்க. கால் வழியா எவன்டா மதம் மாறுவான்?"

"சிரிக்காதண்ணா. அந்தப் பொம்பளைங்க இனிமே இந்த வாசப்படி ஏறக்கூடாது. ஏறினா, நாளைக்கு ஒண்ணு ஆச்சின்னா, நான் வரமாட்டேன். பங்காளிங்க ஒருத்தனும் வரமாட்டான்."

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டார். நைனாவின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "செரி. நாளையிலருந்து வரவேணாம்னு சொல்லிடறேன்" என்றார். "இன்னிக்கு அவங்க வர்ற நேரம்தான். அவங்க செய்யறத நீ செய். என்னத் திருப்பு."

சித்தப்பா திருப்பினார். கட்டைப் பிரித்தார். சிறுத்துவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்த அந்தப் புண்ணை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அம்மா சொல்லச் சொல்ல உப்புநீரால் துடைத்தார். பாதியில் எழுந்து மோட்டார்க் கொட்டகைப் பக்கம் ஓடி வாந்தி எடுத்தார். ஆனால் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து கட்டை முடித்தார்; இதை நான் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டும்.

"நாளைக்கு எத்தினி மணிக்கு வருவ?" என்று நைனா கேட்டார்.

சித்தப்பா எழுந்து கையைக் கழுவினார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் வரவில்லை; எஸ்தர் அக்கா வந்தார். வரவேண்டாம் என்று நைனா சொல்லவில்லை. சித்தப்பாவும் மீண்டும் தடுக்கவில்லை. வருவாரா மாட்டாரா என்பது தெரியாமலேயே நைனாவின் கடைசி மாதங்கள் கழிந்தன. "அவன் வருவானா?" என்று என்னைக் கேட்பார். "வருவார் நைனா" என்பேன். என் சொல்லையும் அவர் நம்பவில்லை என்று அவர் பார்வையிலேயே தெரியும்.

மார்கழியில் சளி நெஞ்சில் கட்டி, ஒரு காலை வேளையில், அம்மா நெற்றியில் திருநீறு இட்ட சிறிது நேரத்தில் நைனாவின் உயிர் பிரிந்தது. கூடத்தில் கிடத்தினோம். போதகரும் எஸ்தர் அக்காவும் வந்தார்கள். யாரும் எதையும் சொல்லிவிடக் கூடாதென்று, வீட்டுக்குள் வராமல் எதிரே வேப்பமரத்தடியிலேயே நின்றார்கள். வந்த பங்காளிகள் பந்தலுக்கு வெளியே நாற்காலிகளைத் தள்ளிப் போட்டு அமர்ந்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் என்னை அழைத்து, "உண்மையச் சொல்லும்மா, ஞானஸ்நானம் குடுத்தாங்களா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டினார், ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. எல்லாரும் சித்தப்பாவுக்காகக் காத்திருந்தார்கள்.

உச்சிப்பொழுது தாண்டி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடத்திற்குள் வந்து அண்ணன் முகத்தைப் பார்த்தார். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். பங்காளிகள் எழுந்து வந்தார்கள். உடலைத் தூக்கக் கைவைத்த சித்தப்பா சட்டென்று நின்று, விலகி, வெளியே நடந்து வேப்பமரத்தடிக்குப் போனார்.

"உள்ள வாங்க. எங்க புடிச்சித் திருப்பணும்னு இவங்களுக்குத் தெரியாது. புண்ணு கிழிஞ்சிடும்." பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "ஜெபம் மட்டும் பண்ணாதீங்க" என்றார்.

"ஆங், பண்ணமாட்டேன்" என்றார் எஸ்தர் அக்கா.

அவர் உள்ளே வந்து, எங்கெங்கே பிடிப்பது என்று காட்டினார். பங்காளிகள் திருப்பினார்கள். பழைய கட்டை நனைத்து, இழுக்காமல் எடுத்தார். குளிப்பாட்டி முடிந்ததும், இன்னும் சற்று நேரத்தில் நெருப்புக்குப் போகவிருக்கும் அந்த உடலில் புதுத் துணி வைத்துக் கட்டினார். 'இனி எதற்கு?' என்று யாரும் கேட்கவில்லை. அன்று மாலை சித்தப்பா கொள்ளி வைத்தார்.

நைனாவைத் தோள்கொடுத்துச் சுமந்த பங்காளிகளுக்கும், பந்தலும் உணவும் ஏற்பாடு செய்த ஊராருக்கும், ஆட்டோவுக்கு வாடகை வாங்க மறுத்த கே.ஜி.கண்டிகை ஓட்டுநர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சபையின் பெயரை இங்கு அச்சிடவில்லை. பெயர் வந்தால் ஊர் பேசும் என்று சித்தப்பா சொன்னார். பெயர் வந்தால் அடுத்த வீட்டில் கதவைச் சாத்துவார்கள் என்று போதகரும் சொன்னார். இருவர் சொன்னதும் சரியே. பிடி அரிசி எடுத்துவைத்த அப்பெண்கள் இதைப் படிக்கும்போது தம்மைத்தான் சொல்கிறேன் என்று அறிவார்கள், அவர்களை வணங்குகிறேன். சந்தேகித்ததற்காக வருந்துகிறேனா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. கிடப்பவருக்காக யாரேனும் ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்றே இன்றும் கருதுகிறேன்.

இம்மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் தம் மாமியாரைப் பற்றிப் பேச, சித்தப்பா எஸ்தர் அக்காவைத் தேடி வந்திருந்தார். திருவாலங்காடு பக்கம் வருவீர்களா என்று கேட்டுவிட்டு, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "நீங்க வர்றப்பெல்லாம் நான் பக்கத்துலயே உக்காந்துகினு பாத்துகினே இருப்பேன். அத இப்பவே சொல்லிடறேன்" என்றார்.

"உக்காருங்கண்ணா" என்றார் எஸ்தர் அக்கா. "திருப்பறப்ப ஒரு பக்கம் புடிக்க ஆள் வேணும்."

— மகள்