நான் சொன்ன ஆற்றுக் குளியல்

பாளையங்கோட்டையில் ஒரு சிறப்புப் பள்ளியில் நான் வேலைக்கிருந்தபோது, ஈரம் சொட்டும் இரட்டைச் சடையோடு ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி தினமும் என் வகுப்புக்கு வருவாள். பக்கத்தில் ஈரத் தலையோடு அவளுடைய அம்மா நிற்பார். குறுக்குத்துறைப் படித்துறையில் மகளைக் குளிப்பாட்டிவிட்டு நேரே பஸ் ஏறி வருகிறவர். ஆற்றுக்குப் போகச் சொன்னது நான்தான்.

பிள்ளைக்கு ஆட்டிசம். பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்பமாட்டாள், நாலு பேரைச் சேர்ந்தாற்போல் கண்டால் அலறுவாள். தாமிரபரணித் தண்ணீரில் நின்றால் மட்டும் அடங்கிவிடுகிறாள் என்று அந்த அம்மா சொன்னபோது எனக்கு ஒரே சந்தோஷம். "அப்ப தெனமும் கூட்டிட்டுப் போங்கம்மா. நல்லா முங்கக் குளிப்பாட்டுங்க" என்றேன். சீக்கிரமே அவள் வகுப்பில் கொஞ்ச நேரம் உட்காரத் தொடங்கினாள். என் யோசனையை நானே மெச்சிக்கொண்டு மற்ற டீச்சர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒருநாள் அந்த அம்மா தயங்கி நின்றார். "டீச்சர், பிள்ள இப்பல்லாம் காதோட சேத்து அடிச்சிக்கிடுதா. தூங்கவும் மாட்டுக்கா."

"இந்தப் பிள்ளைங்க அப்படித்தாம்மா செய்யும். கண்டுக்காதீங்க, தானா விட்டுரும்." அவர் சொல்லி முடிக்கும் முன்பே என்னிடம் பதில் தயாராக இருந்தது. பதினோரு வருட அனுபவம் அல்லவா!

அதன் பிறகும் இரண்டு வாரம், அவள் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒருநாள் சடையை ஒதுக்கிவிடக் குனிந்தபோது நாற்றம் அடித்தது. காதோரம் மஞ்சளாகக் காய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். இரண்டு காதிலும் செவிப்பறை ஓட்டை, நாள்பட்ட சீழ், பாதிக்கு மேல் கேட்காது என்றார் டாக்டர். ஓட்டை முன்பே இருந்திருக்கும், தினமும் தண்ணீர் போய்ப் போய் முற்றிவிட்டது என்றார். கூப்பிட்டால் திரும்பாததற்கு ஆட்டிசம் என்ற காரணம் கையில் இருந்ததால், வேறு காரணம் இருக்குமா என்று நாங்கள் யாரும் தேடவில்லை. அவள் மனதை அடக்கிய அதே தண்ணீர் காதைக் கெடுத்துக்கொண்டிருந்தது. வாய் பேசாத குழந்தை வலிக்கிற இடத்தைத் தன் கையால் அடித்து அடித்துக் காட்டியிருக்கிறாள்.

இப்போது எந்தக் குழந்தை வந்தாலும் டாக்டர் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, காது, கண், பல், வயிறு என்று முதலிலிருந்து விசாரிக்கிறேன். சில பெற்றோருக்கு அது எரிச்சலாகக்கூட இருக்கிறது.

அன்று ஆஸ்பத்திரி வாசலில், "இனி ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகாதீங்கம்மா" என்று சொன்னவளும் நானே. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மகளின் காதில் வைத்த பஞ்சைச் சரிசெய்துகொண்டே, "நீங்க சொன்னியன்னுதான் டீச்சர், காய்ச்சல் அடிச்ச அன்னைக்குக்கூட விடாம முக்குனேன்" என்றார்.