குசினிச் சுவரில் ஒரு கறை

சினிமாப் படங்களுக்கு வீடும் தெருவும் அமைத்துக் கொடுக்கும் அந்த இங்கிலாந்துக்காரர், கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் உள்ள எங்கள் வீட்டுக் குசினியைப் படம் பிடிக்கக் கேட்டு வந்தார். நெட்டையான, நரைத்த மனிதர். எந்தச் சுவரையும் பெருவிரலால் தேய்த்து, விரலை முகர்ந்து பார்ப்பார். அடுப்புக்குப் பின்னால் இருந்த மஞ்சள் கறையையும் அப்படித்தான் பார்த்தார்.

படம் பிடிப்பதற்கு முதல்நாள் நான் தேசிக்காய்ப் புளியும் சவர்க்காரமும் போட்டு அந்தச் சுவரை உரஞ்சிக் கழுவினேன். மறுநாள் வந்தவர் தலையில் கை வைத்தார்.

"ஏன் மாமி கழுவினீங்கள்? அந்தக் கறைக்காகத்தானாம் எங்கட வீட்டைத் தெரிவு செய்தவர்," என்றாள் மருமகள்.

"ஆக்கள் வருகினம் எண்டால் கழுவாமல் விடுறதோ? என்ர ஊத்தையை உலகம் பாக்கவோ?"

"லண்டனில அரண்மனையெல்லாம் செய்தவராம், மாமி."

"அரண்மனை செய்தவருக்கு என்ர குசினிச் சுவரோ கிடைச்சது?" என்று மருமகளின் காதுக்குள் சொன்னேன். சத்தமாகச் சொல்ல எனக்கு வெட்கம்.

அவர் கோபிக்கவில்லை. மெல்லிய தூரிகையோடு முழந்தாளிட்டு, மத்தியானம்வரை அந்தக் கறையைத் திரும்பத் தீட்டினார்.

படம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். என் கறை ஒரே நாளில் போனது. அவர் வைத்த கறை எந்தத் தேசிக்காய்க்கும் மசியவில்லை. பார்த்தால் பழைய கறையேதான், ஒரு சொட்டும் பிசகவில்லை. வீட்டுக்கு வருகிற சனம் நான் சுவர் கழுவாதவள் என்றே நினைக்கும்.